ஏட்டில் ஏறாத செல்வம்

ஓர் ஆலை தன் எந்திரங்களின் தேய்மானத்தை ஆண்டுதோறும் கணக்கில் எழுதுகிறது. அதனைக் கழித்த பின்னரே தன் இலாபம் இவ்வளவு என்று கூறுகிறது. நாட்டின் பொருளாதாரக் கணக்கிலோ, ஏரி தூர்ந்ததற்கும் காடு குறைந்ததற்கும் நெடுங்காலமாக இத்தகைய கழிவு எழுதப்படவில்லை. வெட்டிய மரத்தின் விலை உள்நாட்டு உற்பத்தியில் வரவாகச் சேர்கிறது. அம்மரம் காத்துவந்த மண்ணும் நீரும் போனது எப்பக்கத்திலும் பதிவாவதில்லை.

சென்னையின் தென்பகுதியிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இதற்குத் தக்க சான்றாகும். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீர் ஏரிகளின் வழியாக இங்கு வந்து சேர்கிறது. பின்னர் ஒக்கியம் மடுவைக் கடந்து கோவளம் முகத்துவாரத்தை நோக்கிச் செல்கிறது. வெள்ளத்தைத் தாங்குதல், நிலத்தடி நீரைப் பெருக்குதல், வலசை வரும் பறவைகளுக்கு உணவளித்தல் ஆகிய பணிகளை இந்நிலம் கூலியின்றிச் செய்துவந்தது. கூலி பெறாமையால் அப்பணிகள் கணக்கில் ஏறவில்லை. கணக்கில் ஏறாமையால் அது பயனற்ற தரிசாகக் கருதப்பட்டது. அங்கே குப்பை கொட்டப்பட்டது. சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. அக்கட்டுமானங்கள் யாவும் வளர்ச்சி எனப் பதிவாயின.

2015ஆம் ஆண்டுப் பெருமழையில் தேங்க இடமின்றி நீர் வீடுகளுக்குள் புகுந்தது. அந்நீரை இறைக்கவும் இடிந்த சுவரை எழுப்பவும் மக்கள் செலவிட்ட பணமும் உற்பத்திக் கணக்கில் சேரும். இழப்பைச் சரிசெய்யும் செலவை வரவாக எண்ணி, இழப்பை எண்ணாது விடும் ஏடு உண்மையைக் கூறுமா? சதுப்புநிலத்தில் எஞ்சியிருந்த சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு, 2022ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. பெரும்பகுதியை இழந்த பின்னரே அதன் அருமை உணரப்பட்டது.

இக்குறை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. நாட்டு வருமானக் கணக்கை வகுத்தோருள் ஒருவரான சைமன் குஸ்நெட்ஸ், 1934ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்திற்கு அளித்த அறிக்கையிலேயே, வருமானத்தைக் கொண்டு மக்களின் நல்வாழ்வை அளந்துவிட இயலாது என எச்சரித்தார். 2021 மார்ச் மாதத்தில் ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் இயற்கைச் சூழல்களுக்கான கணக்குமுறை ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஒரு காட்டின் அல்லது ஈரநிலத்தின் பரப்பு எவ்வளவு, அதன் நலம் எத்தகையது, மக்களுக்கு அது தரும் பயன் யாது என்பவற்றை அம்முறை அளக்கிறது.

அளவு தெளிந்தால் முடிவும் மாறும். நியூயார்க் நகரம் தன் குடிநீருக்காகப் பல நூறு கோடி டாலர் செலவில் வடிகட்டும் நிலையம் அமைக்க வேண்டிய நிலையில் இருந்தது. அதனினும் குறைந்த செலவில், நீர் ஊறிவரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியைக் காப்பதற்கு 1997ஆம் ஆண்டில் அங்குள்ள ஊர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. காடும் மண்ணும் செய்யும் பணிக்கு ஈடான செலவு கண்முன் நின்றமையால் இம்முடிவு எளிதாயிற்று.

இயற்கைக்கு மதிப்புக் கண்டால் அதனை விற்பதற்கு வழி திறந்துவிடும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. வெள்ளத்தைத் தாங்கும் பணிக்கு ஈடாக எவ்வளவு செலவாகும் எனக் கணிக்கலாம். அழிந்துபோன உயிரினத்திற்கு ஈடு எதுவும் இல்லை. ஆகவே, பணமதிப்பை மிகக் குறைந்த அளவாகவே கொள்ள வேண்டும். பரப்பும் நலமும் குறையக்கூடாத எல்லையைச் சட்டம் வகுக்க வேண்டும். ஆயினும், மதிப்பே எழுதாத இடத்தில் சுழியம் என்ற மதிப்பு தானே அமர்ந்துவிடுகிறது. அச்சுழியத்தை நம்பியே சதுப்புநிலங்கள் மேடாக்கப்பட்டன.

நாட்டின் அரண் எது எனக் கூறவந்த திருவள்ளுவர், நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் அரணாக எண்ணினார். அரணில் விழுந்த உடைப்பை அறியாத ஆட்சி நாட்டைக் காக்க இயலாது. ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கை வைக்கப்படும் அவையில், அவ்வாண்டு குறைந்த ஏரி எவ்வளவு, வளர்ந்த காடு எவ்வளவு என்னும் கணக்கும் வைக்கப்பட வேண்டும். வரவு செலவை ஆராயும் உறுப்பினர்கள் அதனையும் கேள்விக்கு உட்படுத்தும்போதுதான் நாட்டின் கணக்கு முழுமை பெறும்.