"தீர்வு இல்லை"ன்னு எழுதினா மார்க் போயிடுமா?

நம்ம ஊர்ல கணக்கு சொல்லித் தர்ற விதத்து மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. எல்லா வாத்தியாரையும் சொல்லலை, நல்லவங்க இருக்காங்க. ஆனா பெரும்பாலும் என்ன நடக்குது? "சமன்பாட்டைத் தீர்க்க"ன்னு கேள்வி வந்தா எக்ஸுக்கு ஒரு எண் வந்தே தீரணும்னு புள்ளைங்க மண்டையில ஏத்திடறாங்க. வரலைன்னா நீ எங்கயோ தப்பு பண்ணிட்டே, அழிச்சுட்டு மறுபடி போடு!

எதிர்வீட்டுப் பையன் எட்டாங்கிளாஸ். 2(எக்ஸ் + 3) = 2எக்ஸ் + 9 போட்டான். அடைப்பைப் பிரிச்சு, ரெண்டு பக்கமும் 2எக்ஸைக் கழிச்சா 6 = 9. அத்தனையும் சரி. ஆனா பயபுள்ள பயந்துபோய் எல்லாத்தையும் அழிச்சுட்டு, 2எக்ஸைக் குறி மாத்தாம இந்தப் பக்கம் தள்ளி, 4எக்ஸ் = 3, எக்ஸ் = 3/4ன்னு முடிச்சுட்டான். சரியா போட்டதை அழிச்சுட்டு தப்பை எழுத வெச்சது யாருங்க?

இதுல என்ன பெரிய கம்பசூத்திரம் இருக்கு? அப்பாவுக்கு 40, மகனுக்கு 10. எத்தனை வருஷம் கழிச்சு அப்பா வயசு மகன் வயசைப் போல ரெண்டு மடங்கு? 40 + எக்ஸ் = 2(10 + எக்ஸ்). எக்ஸ் = 20. அப்போ அவருக்கு 60, இவனுக்கு 30. சரி, எப்போ ரெண்டு பேருக்கும் ஒரே வயசாகும்? மூணாங்கிளாஸ் புள்ளைகூட சிரிக்கும். 40 + எக்ஸ் = 10 + எக்ஸ். ரெண்டு பக்கமும் வருஷத்துக்கு ஒண்ணுதான் ஏறுது, நடுவுல இருக்கற 30 எங்கே போகும்? எக்ஸைக் கழிச்சா 40 = 10. "இது எந்தக் காலத்துலயும் நடக்காது"ன்னு அந்தச் சமன்பாடு பளிச்சுன்னு பதில் சொல்லுது. நாம அதைத் தப்புன்னு சொல்லி அழிக்கறோம்.

கண்டுபிடிக்கறதும் சுலபம். அடைப்பைப் பிரிச்சு, ரெண்டு பக்கமும் எக்ஸோட கெழுவைப் பாருங்க. வேற வேறயா இருந்தா ஒரே ஒரு விடை உண்டு. கெழு ஒண்ணா இருந்து தனி எண்கள் மட்டும் வேறன்னா தீர்வு இல்லை. தனி எண்களும் ஒண்ணுன்னா எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும்.

ஒரு இடத்துல மட்டும் உஷார். 5எக்ஸ் = 3எக்ஸ்னு வந்தா ரெண்டு பக்கமும் எக்ஸால வகுத்து 5 = 3, தீர்வு இல்லைன்னு குதிக்கக் கூடாது. எக்ஸ் பூஜ்யமா இருந்தா வகுக்கவே முடியாதே. கழிச்சுப் பாருங்க, 2எக்ஸ் = 0, எக்ஸ் = 0. பூஜ்யமும் ஒரு விடைதான். விடை பூஜ்யம்கறது வேற, விடையே இல்லைங்கறது வேற.

"சின்னப் பசங்களை இதெல்லாம் சொல்லிக் குழப்பாதீங்க"ன்னு ஒரு கூட்டம் கிளம்பும். இப்போ சொல்லலைன்னா என்ன ஆகுது? பத்தாங்கிளாஸ்ல ரெண்டு மாறி வந்ததும் கெழுக்களோட விகிதம்னு ஒரு சூத்திரத்தை நெட்டுரு போடறான். ஒரே சாய்வுல போற ரெண்டு இணைகோடு எங்கயும் சந்திக்காதுங்கறதுதான் அதுன்னு அவனுக்குப் புரியறதே இல்லை. பொட்டி தட்டற நமக்குத் தெரியும், நிபந்தனைகளைக் கொடுத்து உகந்த விடை தேடச் சொன்னா, எல்லாம் ஒத்துவராத பட்சத்துல மென்பொருள் "சாத்தியமில்லை"ன்னுதான் திருப்பிச் சொல்லும். அதை யாரும் பிழைன்னு சொல்றதில்லை. புள்ளைங்க சொன்னா மட்டும் முட்டையா?

வீட்டுல குட்டீஸ் இருந்தா இதைக் கொடுத்துப் பாருங்க: 4(எக்ஸ் - 1) = 2(2எக்ஸ் + 3). ரப்பரைத் தேடறாங்களா இல்லையான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.