120 குதிரையில் இருந்து 265 குதிரைக்கு: வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்



"டாக்டர், ஐ20 என் லைன் வெச்சிருக்கேன். அடுத்து ஆக்டேவியா ஆர்.எஸ். மாதிரி பவர் வண்டிக்குப் போகலாமா?" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார்.

சுகர், பிரஷர் பற்றி எழுதும் ஆளிடம் கார் பற்றி ஏன் கேட்கிறார் என்று நினைக்காதீங்க. நான் ஓட்டுவதும் அதே ஐ20 என் லைன்தான். ஆறு மாசமா ராத்திரி போனில் நான் தேடிப் பார்த்துக்கொண்டிருப்பதும் அதே ஆர்.எஸ்.தான். அதனால் இது அட்வைஸ் இல்லை. எனக்கு நானே சொல்லிக்கிட்டதை உங்களிடமும் சொல்றேன்.

முதலில் வண்டிக் கணக்கு.

ஐ20 என் லைன் 2021 செப்டம்பரில் வந்தது. ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல், 120 பி.எஸ்., 172 நியூட்டன் மீட்டர் டார்க், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அயனம்பாக்கத்தில் இருக்கிறவனுக்கு இது சொந்த ஊர் வண்டி. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு ரோட்டில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் பிறக்கிறது.

ஆக்டேவியா ஆர்.எஸ். 2025 அக்டோபரில் வந்தது. 2 லிட்டர் டர்போ, 265 பி.எஸ்., 370 நியூட்டன் மீட்டர். இந்தியாவுக்கு மொத்தம் 100 வண்டி, முன்பதிவிலேயே தீர்ந்துபோச்சு. ஷோரூம் விலை 49.99 லட்சம். என் வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட சுமார் 10 விநாடி எடுக்கும். அது 6.4 விநாடியில் தொடும்.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போகும் காருக்குச் சாலை வரி 20 சதவீதம். அப்படின்னா இதற்கு வரி மட்டும் 10 லட்சம். ஐ20 என் லைன் அறிமுகமானபோது ஆரம்ப விலையே 9.84 லட்சம்தான்! வரிப் பணத்தில் ஒரு ஹாட் ஹேட்ச்.

அரசுச் சம்பளத்துக்கு அது ஆகாது. நான் கண் வைத்தது 2017-ல் வந்த பழைய ஆர்.எஸ்., 230 பி.எஸ். செகண்ட் ஹேண்டில். அட்வான்ஸ் பணம்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

அப்புறம் என்ன ஆச்சு?

போன மழைக்காலம். 24 மணி நேர டியூட்டி முடித்து பைபாஸ் வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வேகம் 80 இருக்கும். திடீரென்று முன்னால் ஒரு டேங்கர் லாரியின் பின்பக்கம் பெரிதாகத் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. லாரிக்கும் எனக்கும் நடுவே ஒரு பைக் நிறுத்தும் அளவு இடம். நான் இறங்க வேண்டிய இடத்தை எப்போதோ தாண்டியிருந்தேன். தாண்டியது எனக்கு ஞாபகமே இல்லை.

மருத்துவத்தில் இதை மைக்ரோ ஸ்லீப் என்போம். கண் திறந்திருக்கும், மூளை சில விநாடி அணைந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி என்றால் 67 மீட்டர். அந்த 67 மீட்டர் என் வண்டியை யாரும் ஓட்டவில்லை.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் செயல்திறனுக்குச் சமமாகக் குறைகிறது என்று 1997-லேயே ஆய்வு வந்துவிட்டது. 24 மணி நேரம் என்றால் 100 மில்லிகிராமுக்குப் பக்கம். நம் நாட்டில் சட்ட வரம்பு 30 மில்லிகிராம். அதாவது ஒரு சொட்டு குடிக்காமலே, வரம்பைப் போல மூன்று மடங்கு போதையில் நான் ஸ்டியரிங் பிடித்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்களுக்கு வேணும்கிறது பெரிய வண்டியா, ஒரு நல்ல தூக்கமா?"

என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரமே டியூட்டியில் ஒரு கேஸ். அடையாளம் எதுவும் சொல்லப்போவதில்லை. சின்ன வயசு, பெல்ட் போடவில்லை, வெளியே பெரிய காயம் ஒன்றும் இல்லை. "நல்லாத்தானே டாக்டர் இருக்கான்?" என்று அவன் அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே ரத்தக்கசிவு.

இது ஏன் நடக்கிறது என்று ஒவ்வொரு கார் பிரியரும் தெரிந்துகொள்ளணும். ஒரு விபத்தில் மோதல் ஒன்று இல்லை, மூன்று. முதலில் கார் எதிலோ மோதுகிறது. அடுத்து உடம்பு காரின் உள்பக்கத்தில் மோதுகிறது. மூன்றாவதாக, உடம்பு நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் கல்லீரலும் மண்ணீரலும் மூளையும் உள்ளேயே மோதுகின்றன. இதயத்தில் இருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிவதும் இப்படித்தான். பெல்ட்டும் ஏர்பேக்கும் இரண்டாவது மோதலை மென்மையாக்கும். மூன்றாவதுக்கு எந்தக் கம்பெனியும் பாகம் செய்வதில்லை. அதைக் குறைக்கும் முக்கியமான வழி, மோதும்போது இருக்கும் வேகத்தைக் குறைப்பது.

சரி, "பவர் வண்டியில் பிரேக்கும் நல்லா இருக்குமே டாக்டர்? ஓவர்டேக் சட்டுனு முடியுமே?" என்பீர்கள்.

உண்மைதான். இதே வாதத்தை நானும் வீட்டில் பேசியவன். ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரே மாதிரி இரண்டு வண்டி. ஒன்று 100-ல் வருகிறது, இன்னொன்று 120-ல். இரண்டு டிரைவரும் ஒரே இடத்தில் ஆபத்தைப் பார்க்கிறார்கள். கால் பிரேக்குக்குப் போக 1.5 விநாடி. காய்ந்த ரோடு, நல்ல டயர்.

100-ல் வந்த வண்டி சுமார் 97 மீட்டரில் நின்றுவிடும்.

அதே 97-வது மீட்டரில் 120-ல் வந்த வண்டியின் வேகம் என்ன இருக்கும்? 20 என்றுதானே தோணும்? இல்லை. சுமார் 77 கிலோமீட்டர்!

முதல் ஆள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். இரண்டாவது ஆள் எங்களிடம் வருவார். நடுவில் இருந்த வித்தியாசம் வெறும் 20.

வண்டி நல்ல வண்டியாகிவிட்டால் நாம் ஜாக்கிரதையாகவும் இருப்பதில்லை. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்ஸிகளில் ஒரு பகுதிக்கு ஏ.பி.எஸ். பிரேக் போட்டுப் பார்த்தார்கள். விபத்து குறையவில்லை. பிரேக் இருக்கிற தைரியத்தில் டிரைவர்கள் இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டினார்கள். மனுஷ மனசு அப்படி.

நம் ஊர் நிலவரம்? 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையது. இறந்தவர்களில் 71 சதவீதத்துக்கு அரசு பதிவு செய்த காரணம் அதிவேகம்.

இவர்களில் பெரும்பாலானோர் 265 குதிரையில் போனவர்கள் இல்லை. பைக்கில் போனவர்கள், ரோட்டைக் கடந்தவர்கள். நடந்து போகிறவர் மீது 50-ல் மோதுவதற்கும் 65-ல் மோதுவதற்கும் இடையே அவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்கு கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஆசைக்கு விலை கொடுப்பவர் பல நேரம் காருக்கு வெளியே இருப்பவர்.

சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை காருக்கு வைத்த வரம்பு 60. குடியிருப்புத் தெருவில் 30. அந்த 60-ஐத் தொட 265 பி.எஸ். எதற்கு? அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் நவம்பர் மழையில் வந்து பாருங்க. தண்ணிக்கு அடியில் எது ரோடு, எது பள்ளம் என்று தெரியாது. 19 இன்ச் வீலில் 40 சீரிஸ் டயர் போட்ட வண்டி அதில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் பர்ஸுக்கும் சேர்ந்தே அடி.

அப்போ வாங்கவே கூடாதா?

நான் அப்படிச் சொல்லவில்லை. நல்ல இன்ஜின் தரும் சந்தோஷம் நிஜம். அதைக் கேலி செய்பவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. என் கருத்து இதுதான்: நாம் அப்கிரேட் செய்யும் வரிசை தப்பு. இன்ஜினில் ஆரம்பிக்கிறோம். கடைசியில் வர வேண்டியது அது.

என் வரிசை இது:

1) தூக்கம். நைட் டியூட்டி, நைட் ஷிஃப்ட் முடித்தால் சாவியைத் தொடக்கூடாது. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஐ.டி. கம்பெனியிலும் ராத்திரி வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நான் இப்போ ஆஸ்பத்திரியிலேயே இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து கிளம்புகிறேன், இல்லை ஆட்டோ.

2) டயரும் பிரேக்கும். ரோட்டைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். பழைய டயரில் 230 குதிரையை விட, நல்ல டயரில் 120 குதிரை மேல்.

3) ஓட்டத் தெரிவது. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் இருக்கு. எம்.எம்.ஆர்.டி. என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். 1990-ல் இருந்து ஓடுகிறது. சோழவரத்தில் ரேஸ் பார்த்த தலைமுறை கட்டிய டிராக். டிராக் டே நடக்கும்போது ஹெல்மெட் போட்டுக்கொண்டு நம் சொந்த வண்டியை ஓட்டலாம். எதிரே லாரி வராது, மாடு வராது, பள்ளிக்கூடப் பிள்ளை வராது. நான் ஒரு முறை போனேன். 120 பி.எஸ். வண்டியையே நான் பாதிதான் பயன்படுத்துகிறேன் என்று மூன்றாவது சுற்றில் புரிந்தது. பிரேக் எங்கே பிடிக்கணும் என்றே எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷம் லைசென்ஸ் வைத்திருப்பவன் நான்!

4) குடும்பப் பாதுகாப்பு. டேர்ம் இன்ஷூரன்ஸ், ஆறு மாசச் செலவுக்குக் கையிருப்பு. இது இல்லாமல் கார் லோன் கூடாது. செகண்ட் ஹேண்ட் பவர் வண்டியில் வாங்கும் விலை ஆரம்பம்தான். தேர்டு பார்ட்டி பிரீமியம் மட்டுமே 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய். டயர், கியர்பாக்ஸ் செலவெல்லாம் தனி.

5) இவ்வளவுக்கும் பிறகு இன்ஜின். அப்போ தாராளமாக வாங்குங்க. எனக்கும் ஒரு ரவுண்டு கொடுங்க.

இடையில் "ரீமேப் பண்ணிக்கலாம் ப்ரோ, 20 குதிரை கூடும்" என்று ஒருத்தர் வருவார். வாரண்டி போகலாம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கலாம். பதிவுச் சான்றிதழில் இருப்பதை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வரம்பு வைத்திருக்கிறது. கவனம்.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தர 2021 டிசம்பரில் நம் அரசு கொண்டுவந்ததுதான் "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம். யாராவது அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால் தயங்காமல் 108-க்குப் போன் போடுங்க. ஆனால் அந்த 48 மணி நேரத்துக்கு உள்ளே நீங்கள் வராமல் இருந்தால் எனக்கு அதைவிட சந்தோஷம்.

அந்தத் தம்பிக்கு என் பதில்: ஒரு வருஷம் தள்ளிப்போடுங்க. இருக்கிற என் லைனுக்கு நல்ல டயர் போட்டு, இரண்டு டிராக் டே போங்க. அதற்குப் பிறகும் "இந்த வண்டி எனக்குப் பத்தலை" என்று டிராக்கில் தோன்றினால் வாங்குங்க. ரோட்டில் தோன்றினால் வாங்காதீங்க.

நானும் தள்ளிப்போட்டிருக்கிறேன். அட்வான்ஸுக்கு எடுத்து வைத்த பணத்தில் டயர் மாற்றியாச்சு, மீதி பேங்கில் இருக்கு. ஆர்.எஸ். விளம்பரங்களை இன்னும் பார்க்கிறேன், பொய் சொல்லவில்லை. ஆனால் இப்போ பத்தரைக்கு போனை வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.

வீட்டில் காரும் கையுமாக ஒரு தம்பி இருந்தால் இதைக் காட்டுங்க. திட்டாமல் காட்டுங்க.


அரசு மருத்துவர், அயனம்பாக்கம்