கிழங்கும் கிடங்கும்

பூரிக்கு மசாலாவோ, சாதத்துக்கு வறுவலோ, உருளைக்கிழங்கு நுழையாத சமையலறை இன்று மதுரையில் இல்லை என்றே சொல்லலாம். ஆனாலும் அது நம் மண்ணில் தோன்றியதன்று. தென் அமெரிக்காவிலே, பெரு தேசத்து மலைகளில் பிறந்து, போர்த்துக்கீசியர் கப்பலேறி இந்தியாவுக்கு வந்த விருந்தாளி அது. விருந்தாளியாக வந்தவர் நாளடைவில் வீட்டுக்காரராகவே ஆகிவிட்டார். உருளைக்கிழங்கு விளைவிப்பதில் சீனாவுக்கு அடுத்தபடி உலகில் நமக்கே இரண்டாம் ஸ்தானம். ஆயினும் அந்த விருந்தாளியின் குணத்தை நாம் சரிவர அறிந்துகொண்டோமா என்பது சந்தேகந்தான்.

லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைப் பின்சார் ஆராய்ச்சி நிலையத்தார் தேசமெங்கும் கணக்கெடுத்து, 2015-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தக்காளியில் நூற்றுக்கு 12.44 பங்கும், வெங்காயத்தில் 8.20 பங்கும், உருளைக்கிழங்கில் 7.32 பங்கும் வீணாவதாக அதில் கண்டிருக்கிறது. 'ஏழு பங்குதானே!' என்று அலட்சியமாக இருந்துவிடலாகாது. அக்காலத்தில் ஒரு வருஷத்து மகசூல் சுமார் 4.8 கோடி டன். அதில் 7.32 பங்கு என்றால் ஏறக்குறைய 35 லட்சம் டன். பத்து டன் பாரம் ஏற்றும் லாரிகள் மூன்றரை லட்சம் இருந்தால்தான் இதைச் சுமக்க முடியும். லாரி ஒன்றுக்கு எட்டு மீட்டர் வீதம் வரிசையாக நிறுத்தினால், மாட்டுத்தாவணியில் தொடங்கும் வரிசை தில்லியைத் தாண்டிப் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்ப்பதில்லை.

பரிகாரம் என்ன என்று கேட்டால், 'குளிர்பதனக் கிடங்கு கட்டுங்கள்' என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லுவார்கள். கட்டாமலும் இல்லை. 1955-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் 83 கிடங்குகளே இருந்தன. இன்றோ எட்டாயிரத்துக்கு மேல். அவற்றில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம் முதலிய மாகாணங்களில் உருளைக்கிழங்குக்காகவே ஏற்பட்டவை. சேதம் ஒழிந்ததா? காய்கறிகள் வகைக்கு வகை 4.58 முதல் 12.44 பங்கு வரை வீணாவதாக 2015-ஆம் ஆண்டு அறிக்கை சொல்லிற்று. 2022-இல் நபார்டு ஆலோசனை நிறுவனத்தார் கண்ட கணக்கில் அது 4.87 முதல் 11.61 வரை. ஏழு வருஷத்தில் ஆமை நகர்ந்த தூரம் இவ்வளவே! காரணத்தையும் முதல் அறிக்கையிலேயே காணலாம். உருளைக்கிழங்கின் சேதத்தில் பெரும்பங்கு, தோண்டுவது, பொறுக்குவது, தரம் பிரிப்பது, மூட்டை கட்டுவது, ஏற்றிச் செல்வது ஆகிய வேலைகளில் நேருகிறது; சேமித்து வைக்கும் இடங்களில் நேருவது சிறு பங்குதான். கிடங்கின் வாசலை அடையுமுன்பே பெரும் நஷ்டம் நடந்து முடிந்துவிடுகிறது.

உருளைக்கிழங்கைக் கல்லைப் போல் நினைப்பதே இதற்கெல்லாம் மூலம். தோண்டிய பின்னும் அதற்கு உயிர் உண்டு. அது மூச்சு விடுகிறது. எடையில் முக்கால் பங்குக்கும் மேல் ஜலமே. மண்வெட்டி பட்டால் காயம். மூட்டையை உயரத்திலிருந்து எறிந்தால் ஊமைக்காயம். காயத்தின் வழியே ஈரம் வற்றுகிறது. அழுகச் செய்யும் கிருமியும் புகுகிறது. ஆனால் மிதமான குளிர்ச்சியும் ஈரக்காற்றும் உள்ள இருண்ட இடத்தில் பத்துப் பதினைந்து நாள் விட்டுவைத்தால், காயத்தின் மேல் புதுத்தோல் படர்ந்து, கிழங்கு தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். இந்த வைத்தியத்துக்கு மருந்து வேண்டியதில்லை, பொறுமை போதும். இன்றைய விலை நாளைக்கு இருக்குமோ என்று அஞ்சியிருக்கும் குடியானவனுக்கு, அந்தப் பத்து நாள் பொறுமையைப் போல விலையுயர்ந்த சரக்கு வேறொன்றில்லை.

பருவமும் நமக்கு மாறாகவே இருக்கிறது. ஐரோப்பாவில் கிழங்கு தோண்டி முடிந்ததும் பனிக்காலம் வருகிறது. இயற்கையே அங்கே கிடங்கு. நம் வட சமவெளியில் தை முதல் பங்குனி வரை தோண்டுவார்கள், முடிந்ததும் கோடை. ஆகவே இரண்டு முதல் நான்கு டிகிரிக் குளிரில் ஐப்பசி வரையில் கூடக் கிழங்கை அடைத்து வைக்கிறார்கள். அந்தக் குளிரில் முளை கிளம்பாது. ஆனால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். 'கிழங்கு இனிக்கிறது, வறுத்தால் கறுக்கிறது' என்று நம் வீடுகளில் எழும் புகாருக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

பிரயாணமோ இன்னொரு சோதனை. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரையில் மதுரை வெயில் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலிலே காற்றுப் புகாத வண்டியில் மூட்டைகளை நெருக்கி அடைத்தால், கிழங்குக்கு மூச்சுத் திணறும். வெளித்தோல் நன்றாகவே இருக்கும். அறுத்துப் பார்த்தால் நடுப்பாகம் கறுத்துக் கிடக்கும்.

நமக்கு அருகிலுள்ள கொடைக்கானல் மேல்மலையின் நிலைமை வேறு. பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களில் வருஷத்தில் ஒரு பருவத்துக்கு மேல் கிழங்கு எடுப்பதால், மாதக்கணக்கில் சேமிக்க வேண்டிய அவசியம் குறைவு. ஆனால் மலையின் குளிர்ச்சியிலிருந்து சில மணி நேரத்தில் சமவெளியின் உஷ்ணத்துக்கு அது இறங்குகிறது. இங்கே முதலில் வேண்டியது பெரிய கிடங்கன்று; நோகாமல் தோண்டும் கையும், நிழலில் தரம் பிரிக்க ஒரு கொட்டகையும், ஒருவர் எளிதாகத் தூக்கி மெதுவாக இறக்கக்கூடிய சிறு மூட்டைகளும், காற்றோட்டத்துடன் இரவில் இறங்கும் வண்டிகளும்தான். காயம் ஆறும் வரையில் சரக்கின் பேரில் முன்பணம் கொடுக்க ஒரு சங்கம் இருக்குமானால், குடியானவனுக்குப் பொறுமையும் கைகூடும். நீலகிரி விவசாயிகள் 1935-ஆம் ஆண்டிலேயே கூட்டுறவு விற்பனைச் சங்கம் கண்டவர்கள். ஆகையால் இது நடவாத காரியமன்று.

அவரவர் சீதோஷ்ணத்துக்கு ஏற்ற உபாயத்தை அவரவரே காண வேண்டும். பெரு தேசத்து மலைவாசிகள் கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்து வருஷக்கணக்காகப் பாதுகாத்து வந்தார்கள். நம் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் சின்ன வெங்காயத்தைக் காற்றுப் புகும் பட்டறையில் மாதக்கணக்காக வைத்திருக்கிறார்கள். இந்த அறிவு நமக்குப் புதிதன்று.

வீட்டிலும் சிறிது கவனம் வேண்டும். கழுவிப் பளபளக்கும் கிழங்கைக் காட்டிலும், மண் ஒட்டிய, காயமில்லாத கிழங்கே பல நாள் தாங்கும். அதை வெளிச்சம் படாமல், காற்றோட்டமாக வையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சை படர்ந்த பாகத்தில் ஸோலனைன் என்னும் நஞ்சு சேரும். வேகவைத்தாலும் அது போகாது. ஆகவே பச்சை படர்ந்ததையும், முளையையும் ஆழமாக அரிந்து எறிந்துவிட வேண்டும்; பச்சை மிகுந்திருந்தால் முழுக் கிழங்கையுமே தள்ளிவிடுவது நல்லது.

கிடங்கு வேண்டாம் என்பது என் கட்சியன்று. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் வடநாட்டுக் கிழங்கு அதில்லாமல் ஆடி மாதத்தைக் காணாது. ஆனால் கிடங்கு, உள்ளே வந்ததைத்தான் காக்கும். அடிபட்டு வந்த கிழங்கை அது குணப்படுத்துவதில்லை. ஒரு கிடங்கு கட்ட நிதி ஒதுக்கும்போதெல்லாம், அந்தக் கிடங்குக்கு வந்து சேரும் வழிக்கும், மூட்டை தூக்கும் கைகளுக்கும், காத்திருக்க இயலாத குடியானவனுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். அதுவரையில், தில்லி மட்டும் நீளும் அந்த லாரி வரிசை வருஷந்தோறும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டேயிருக்கும்.