பொறந்தநாளுக்குப் பந்தல் போடக்கூட ஆள் வெக்கணுமா?

புனேக்கு வந்து 14 வருஷம் ஆச்சு. ஹிஞ்சவடில ஆணி புடுங்குறது, வாக்கட்ல குடித்தனம். எங்க அபார்ட்மெண்ட்ல மட்டும் தமிழ்க் குடும்பம் 11. பொங்கலுக்கு ஒண்ணா கூடுவோம், கொலுவுக்குச் சுண்டல் கைமாறும், யாராவது ஊருக்குப் போனா எல்லாருக்கும் சேர்த்து காபிப்பொடி தூக்கிட்டு வருவாங்க. நல்ல கும்பல்தான். இன்னைக்கு அந்தக் கும்பலைத்தான் திட்டப்போறேன். என்னையும் சேர்த்துத்தான், பயப்படாதீங்க.

மூணாவது மாடியில ஒரு சின்ன ஜோடி இருக்காங்க. சங்கரன்கோவில் பக்கம். அந்தத் தம்பி சாகன்ல ஒரு தொழிற்சாலையில சூப்பர்வைசர். வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. போன ஜூன்ல அவங்க பாப்பாவுக்கு ஒரு வயசு. "எப்பம்மா விசேஷம்?"னு தங்கமணி கேட்டப்போ, "ஊருக்குப் போய் வெச்சுக்கலாம்னு இருக்கோம்க்கா"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிருச்சு. சரி, தாத்தா பாட்டி பார்க்கணும்ல, நல்லதுதானேன்னு நாங்களும் விட்டுட்டோம்.

பத்து நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் தங்கமணி உறை மோர் வாங்கப் போயிருக்கா. கதவு ஒருக்களிச்சிருந்திருக்கு. உள்ளே பாப்பா புது கவுன்ல, முன்னால ஒரு சின்ன கேக், ரெண்டு பக்கமும் அப்பா அம்மா. வேற யாருமில்லை. இவளைப் பார்த்ததும் அந்தப் பொண்ணுக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சாம். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. மத்தவங்க பண்ற மாதிரி எங்களால பண்ண முடியாது. கூப்பிட்டா எல்லாரும் வருவீங்க, அதான் சொல்லலை."

அந்த "மத்தவங்க" யாருங்கிறீங்க? சாட்சாத் நான்தான்.

அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் என் பையனோட அஞ்சாவது பொறந்தநாளை கிளப் ஹவுஸ்ல தடபுடலா நடத்தினேன். பின்னாடி நிக்கிற அந்த பேக்டிராப்புக்கு மட்டும் 9,500 ரூபாய். வட்டமா ஒரு இரும்பு வளையம், அதைச் சுத்தி பலூன், நடுவுல பையன் மூஞ்சி போட்ட ஃபிளெக்ஸ், பக்கத்துல தெர்மாகோல்ல வெட்டின 5. சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டு பசங்க வந்து மாட்டினாங்க, ராத்திரி பத்துக்குக் கழட்டிட்டுப் போனாங்க. வளையம் அவங்களோட போச்சு. பலூன் மூணு கறுப்புப் பையில குப்பைக்குப் போச்சு. ஃபிளெக்ஸை என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு மாசம் பால்கனில சுருட்டி வெச்சிருந்தோம். பெத்த புள்ளை மூஞ்சியைக் குப்பைத்தொட்டியில போட மனசு வருமா?

இதுல இன்னொரு கூத்து. 2018 மார்ச்சிலேயே மகாராஷ்டிர அரசு தெர்மாகோல் சாமான்களுக்குத் தடை போட்டாச்சு. 2022 ஜூலை 1லேர்ந்து நாடு முழுக்கவே அலங்கார தெர்மாகோல், பலூனுக்கு வெக்கிற பிளாஸ்டிக் குச்சி, 100 மைக்ரானுக்குக் குறைஞ்ச பிவிசி பேனர் எல்லாம் கூடாது. கணபதி சமயத்துல தெர்மாகோல் மண்டபத்தைப் பார்த்துட்டு "இந்த ஊர்க்காரங்களுக்கு அக்கறையே இல்லைப்பா"ன்னு உச்சு கொட்டுறவன்தான் நான். என் வீட்டு விசேஷத்துல மட்டும் கண்ணு தெரியலை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். கும்பகோணம் பக்கம் எங்க கிராமத்துல எனக்குக் காதுகுத்து நடந்தப்போ, முதல் நாளே சித்தப்பாவும் எதிர்வீட்டு மாமாவும் சவுக்குக் கம்பு நட்டு, கீத்து போட்டுப் பந்தல் கட்டினாங்க. பெரியம்மா குருத்தோலை கிழிச்சு தோரணம் பின்னினாங்க. பொடுசுங்க எல்லாம் கயிறு எடுத்துக் கொடுக்கிறதும் அடி வாங்கறதுமா ஒரே ரகளை. பெரிய கல்யாணம்னா காசு கொடுத்துப் பந்தல்காரரைக் கூப்பிடுவோம், இல்லைங்கலை. ஆனா சின்ன விசேஷம்னா கையாலதான். யோசிச்சுப் பார்த்தா, விசேஷமே அந்த முதல் நாள் வேலைலதான் இருந்துச்சு. மறுநாள் நடந்தது சாப்பாடு மட்டும்தான்.

இங்கே நமக்குச் சித்தப்பா இல்லை, எதிர்வீட்டு மாமா இல்லை. அந்தக் காலியிடத்தைத்தான் பேக்கேஜ் போட்டு விக்கிறாங்க, நாமளும் வாங்கறோம். ஒருத்தர் 6,000க்குப் பண்ணா அடுத்தவர் 9,000க்கு. போட்டின்னு யாரும் ஒத்துக்க மாட்டோம். "குழந்தைக்காக"ம்போம். அஞ்சு வயசுப் பையனுக்கு அந்த வளையம் 500 ரூபாயா 9,500 ரூபாயான்னு தெரியுமா? அவன் ராத்திரி முழுக்க விளையாடினது கேக் வந்த அட்டைப்பெட்டியோட. விலை தெரிஞ்சவங்க நாமதான். தெரிஞ்சுக்கிட்டு மூணாவது மாடியில ஒருத்தர் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அலங்காரம் யாரையும் நேரா அவமானப்படுத்தாது. வரவங்க வாயை மூடிக்கிட்டு, கூப்பிட வேண்டியவங்க கூப்பிடாம இருக்க வெச்சுடும்.

சரி, புலம்பினது போதும். அன்னைக்குத் தங்கமணி உறை மோரை மறந்துட்டு உருப்படியா ஒரு கேள்வி கேட்டா. "பாப்பா என்ன நட்சத்திரம்?" ஆனி மாசம், சித்திரை. "அடிப்பாவி, இங்கிலீஷ் தேதிதானே இன்னைக்கு? நட்சத்திரப் பொறந்தநாளுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கே!" அந்தத் தம்பியும் நானும் சனிக்கிழமை கொட்டுற மழைல ஹார்டுவேர் கடைக்குப் போனோம். "காய் பாஹிஜே?"ன்னார் கடைக்காரர். எங்க மராட்டிக்கு வாயை விட கை நல்லா வேலை செஞ்சது.

வாங்கினது இவ்வளவுதான்: 1 அங்குல பிவிசி தண்ணி பைப், 10 அடி நீளத்துல 3. எல்போ 2, டீ 2, கப்ளர் 3, எண்ட் கேப் 4. ஒரு ஹாக்ஸா பிளேடு. மொத்தம் 1,240 ரூபாய்.

முதல் பைப்பை 3½, 3½, 1½, 1½ அடின்னு நாலு துண்டா வெட்டுங்க. ரெண்டாவது பைப்பும் அதே மாதிரி. மூணாவதுல 4 அடித் துண்டு ரெண்டு, மிச்சம் 2 அடியைப் பத்திரமா வைங்க. 10 அடின்னு கொடுக்கிற பைப் சிலது சரியா 3 மீட்டர்தான் இருக்கும், 2 அங்குலம் குறையும். அந்தக் குறையை 1½ அடித் துண்டுல கழிச்சுக்குங்க, மத்ததுல கை வெக்காதீங்க. வெட்டுற இடத்துல ஒரு காகிதத்தை இறுக்கிச் சுத்தி, அதோட விளிம்பு ஓரமா கோடு போட்டா வெட்டு கோணாது.

டீயோட ரெண்டு பக்கத்து வாயிலயும் 1½ அடித் துண்டு, முனையில எண்ட் கேப். இது கால். டீயோட நடுவாய் மேல பார்க்கட்டும், அதுல 3½ அடி, கப்ளர், திரும்ப 3½ அடி. இது தூண். இதே மாதிரி இன்னொண்ணு. உச்சியில ஆளுக்கொரு எல்போ, நடுவுல 4 அடித் துண்டு ரெண்டையும் கப்ளர் போட்டுச் சேர்த்துக் குறுக்குக் கம்பு. 7 அடி உயரம், 8 அடி அகலத்துல சட்டம் ரெடி. சொல்யூஷன் பசை மட்டும் தயவுசெய்து போடாதீங்க. திருகிச் சொருகினாலே நிக்கும், திருகினா கழண்டு வரும். எந்தத் துண்டும் 4 அடிக்கு மேல இல்லைங்கிறதால லிஃப்ட்லயும் ஆட்டோலயும் போகும்.

நாங்க பட்ட அவஸ்தையையும் சொல்லிடறேன். முதல் தடவை குறுக்குக் கம்பு நடுவுல தொப்பை போட்டுச்சு. பழைய மாப்புக் கட்டையை உள்ளே விட்டு, கப்ளருக்கு நேரா நிக்க வெச்சதும் நிமிர்ந்துருச்சு. அடுத்து, ஃபேன் போட்டதும் துணி பாய்மரம் மாதிரி உப்பி சட்டமே நகர்ந்துச்சு. பின்னங்கால் ரெண்டு மேலயும் 5 கிலோ அரிசிப் பை வெச்சோம், அசையலை. முக்கியமா, குத்துவிளக்கும் கேக் மெழுகுவத்தியும் துணிக்கு 3 அடி தள்ளியே இருக்கணும். சிந்தெடிக் புடவைன்னா இன்னும் ஜாக்கிரதை.

துணிக்கு எங்கேயும் போக வேண்டாம், பீரோவைத் திறங்க. புடவை 5½ மீட்டர் இருக்கும். கம்பு மேல போட்டு, முன்னால தரை வரைக்கும் விட்டுட்டு, பின்னால புரளுறதை மடிச்சு ஊக்கு குத்துங்க. கொசுவம் வெச்சு 3 புடவை போட்டா 8 அடியும் நிறையும். வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். வெள்ளைப் பின்னணி வேணும்னா எட்டு முழ வேட்டி இருக்கவே இருக்கு. மேல செண்டுமல்லிச் சரம். இந்த ஊர்ல அதுக்கு ஜெண்டூன்னு பேர், பேரே பாதி நம்ம பேர்தான்.

இனி வழக்கமான கேள்விகள்.

"நேரம் எங்கே இருக்கு?" வெட்ட ஒன்றரை மணி நேரம், அதுவும் வாழ்க்கையில ஒரு தடவை. பூட்ட 15 நிமிஷம். டெக்கரேட்டர் அனுப்பின நாப்பது படத்துல எதுன்னு நாங்க முடிவு பண்ண மூணு ராத்திரி ஆச்சு.

"அந்த டெக்கரேஷன் பசங்க பொழப்பு?" நியாயமான கேள்வி. மண்டபம், ரிசப்ஷன்னா தாராளமா அவங்களைக் கூப்பிடுங்க, கேட்டதைக் கொடுங்க. ஆனா நான் அவங்க பொழப்புக்காகக் கூப்பிடலை. 11,000 சொன்னதை 9,500க்குப் பேசி இறக்கின புண்ணியவான் நான். இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு யோக்யதை இல்லை.

"பிவிசியும் பிளாஸ்டிக்தானே?" ஆமா. ஆனா ஒரு ராத்திரில குப்பைக்குப் போறதும், வருஷக்கணக்கா பதினொரு வீட்டைச் சுத்தி வரதும் ஒண்ணாகுமா?

"சீப்பா தெரியுமே?" யார் கண்ணுக்கு? அதைத்தான் இவ்வளவு நேரமா கேட்டுட்டு இருக்கேன்.

பாப்பாவோட நட்சத்திரப் பொறந்தநாளை அடுத்து வந்த ஞாயித்துக்கிழமை அவங்க ஹால்லயே வெச்சோம். நடுவுல தொங்கினது அந்தப் பொண்ணுக்கு அவ அம்மா வாங்கிக் கொடுத்த சுங்குடி. ரெண்டு பக்கமும் தங்கமணியோட புடவை ஒண்ணு, எதிர் ஃபிளாட் மராட்டி அம்மா கொண்டு வந்தது ஒண்ணு. பூ கட்ட நாலு பேர், அரிசிப் பை தூக்க என் பையன். யாரும் கூப்பிடாமலே முதல் நாளே வந்துட்டாங்க. வீடியோ கால்ல பார்த்த ஊர்ப் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, அது என் சேலைல்லா?"

அதுக்கப்புறம் அந்தச் சட்டம் ஒரு வளைகாப்பு, ரெண்டு பொறந்தநாள், ஒரு கொலுன்னு சுத்தி வந்துருச்சு. வாங்கிட்டுப் போறவங்க புடவையைத் துவைச்சுத் திருப்பணும், அவ்வளவுதான் வாடகை. மிச்சமான 2 அடித் துண்டு என் பையனுக்கு கிரிக்கெட் ஸ்டம்ப் ஆயிருச்சு.

டிஸ்கி: என் பையனோட ஆறாவது பொறந்தநாளுக்குச் சட்டம் கேட்டுப் போனேன். "அன்னைக்கு வேற வீட்டுக்குச் சொல்லியாச்சே அண்ணா"ன்னு மூணாவது மாடித் தம்பி கையை விரிச்சுட்டார். ஹூம்ம்... இன்னொரு செட்டுக்குப் பைப் வாங்கக் கிளம்பிட்டு இருக்கேன்.