பட்டுக் கடையும் பழம்பொருட் சாலையும்

சீன நாட்டின் தலைநகராகிய பெய்ஜிங்கில், பழைய அரண்மனைக்குத் தெற்கே சியென்மென் என்னும் பெருவாயில் உள்ளது. அவ்வாயிலைக் கடந்து சிறிது தூரம் சென்றால் மேற்புறத்தே தாஷலான் என்னும் கடைத்தெருவைக் காணலாம். 'பெரிய மரவேலி' என்பது அப்பெயரின் பொருள். பண்டு இராக்காலத்தில் கள்வர் புகாவண்ணம் தெருவின் முனைகளை மரவேலியிட்டு அடைத்தனர். வேலி மறைந்தது; பெயர் நின்றது. இத்தெருவில் 1893-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ருய்பூசியாங் என்னும் பட்டுக் கடை இன்றும் வணிகம் நடத்தி வருகிறது.

இக்கடைக்குரியோர் ஷாண்டுங் மாநிலத்து மெங் குடும்பத்தார். சீனப் பேரறிஞர் மென்சியசின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர். தொடக்கத்தில் முரட்டுப் பருத்தித் துணி விற்றே பொருள் ஈட்டினர். பட்டு பின்னர் வந்தது. பெய்ஜிங்கில் கடை திறந்த காலத்தில் குடும்பத் தொழிலைத் தலைமை தாங்கி நடத்தியவர் மெங் லுவோசுவான் என்பவர்.

கடையின் பெயரில் ஒரு கதை அடங்கியுள்ளது. 'பூ' என்பது ஒரு பூச்சியின் பெயர். அதன் குஞ்சை எங்கே ஒளித்து வைத்தாலும் தாய் அதனைத் தேடி வந்துவிடுமாம். தாயின் குருதியை 81 காசுகளிலும், குஞ்சின் குருதியை வேறு 81 காசுகளிலும் பூசி, ஒரு பகுதியைச் செலவிட்டு மறு பகுதியை வைத்துக்கொண்டால், செலவிட்ட காசு தானே திரும்பி வருமென்று கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் கான் பாவ் தொகுத்த கதைநூல் கூறும். வணிகன் ஒருவன் இதனினும் வெளிப்படையாகத் தன் ஆசையைப் பெயர்ப்பலகையில் எழுதிவிட முடியுமா? எனினும் விட்ட காசு திரும்புவதற்குப் பூச்சியின் குருதி போதாது என்பதை மெங் குடும்பத்தார் அறிந்திருந்தனர். நீலத் துணியைச் சாயம் தோய்த்தவுடன் விற்பனைக்கு அனுப்பாமல், இறுகக் கட்டி மாதக்கணக்கில் அறையிலே கிடத்தி, நிறம் இழையில் நன்கு ஊறிய பின்னரே வெளியே எடுத்தனர் என்பர். முதல் முடங்கிக் கிடக்கும். ஆயினும் அவ்வாறு விற்ற துணி எளிதில் வெளிறாது. வாங்கியவர் மீண்டும் அக்கடைக்கே வருவர்.

1900-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் இக்கடை எரிந்து சாம்பலாயிற்று. அயல்நாட்டாரை எதிர்த்துக் கிளர்ந்த பாக்சர் கூட்டத்தார், தாஷலானில் மேனாட்டு மருந்து விற்ற கடை ஒன்றுக்குத் தீயிட்டனர். தீ அக்கடையோடு நின்றுவிடவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை விழுங்கிச் சியென்மென் வாயிலின் மேன்மாடத்தையும் பற்றியது. ருய்பூசியாங்கின் சரக்கோடு கணக்கேடுகளும் எரிந்தன. அப்பொழுது, 'பிறர் எமக்குத் தரவேண்டிய கடனை விட்டோம். யாம் பிறர்க்குத் தரவேண்டியதைத் தவறாது தருவோம்' எனக் கடையார் அறிவித்ததாகச் சொல்வர். ஏடு எரிந்தபின் கடனைத் தண்ட வழி ஏது என்று நகைப்பாரும் இருக்கலாம். ஆயின் அதே ஏடு எரிந்ததைக் காட்டித் தாம் தரவேண்டியதை மறுத்திருக்கவும் அவர்களால் இயலுமன்றோ?

அடுத்த ஆண்டே கடை மீண்டும் எழுந்தது. இன்று காண்பது அக்கட்டடமே. முகப்பிலே மேனாட்டு முறைத் தூண்கள். கல்லிலே செதுக்கிய வேலைப்பாடுகள். முன்முற்றத்தின்மேல் இரும்பாலான கூரைப்பந்தல். மேனாட்டுப் பொருளின்மீது கொண்ட வெறுப்பினால் மூண்ட தீயில் அழிந்த கடை, மேனாட்டுக் கோலம் பூண்டு எழுந்தது வியப்புக்குரியது. உள்ளே நுழைந்தால் நடுக்கூடமும், அதனைச் சூழ்ந்த மாடியும், அடுக்கடுக்கான துணிச்சுருள்களும் கண்ணைக் கவர்கின்றன. முற்காலத்தில் கீழ்த்தளம் எளியோர் வாங்கும் துணிக்கும், மேல்தளம் உயர்ந்த பட்டுக்கும் மென்மயிர்த் தோலாடைக்கும் உரியவாக இருந்தன. செல்வர் மாடியில் அமர்ந்து தேநீர் அருந்தியவாறே துணியைத் தேர்ந்தனர்.

தாஷலானின் பழங்கடைக் கட்டடங்களைச் சீன அரசு 2006-ஆம் ஆண்டில் நாட்டின் காக்கத்தக்க சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. அதில் இக்கடையும் அடங்கும். இத்தகைய கட்டடத்தில் இனி வணிகம் எதற்கு, முழுவதையும் காட்சிச்சாலை ஆக்கிவிடலாமே எனச் சிலர் கருதக்கூடும். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் மிதிக்கும் படி தேயும். மரமும் துணியும் நிறைந்த இடத்தில் தீயச்சம் என்றும் உண்டு. ஆயினும் பட்டு என்பது கண்ணால் மட்டும் அறியும் பொருளன்று. விரலிடையே வைத்துத் தேய்த்தும், கையிலே தொங்கவிட்டும், வெளிச்சத்திற் பிடித்தும் அறிய வேண்டுவது. காட்சிச்சாலையிலோ ஒளி பட்டால் பட்டு நைந்து வெளிறும் என்பதற்காக மங்கிய விளக்கொளியில் கண்ணாடிக்குள் வைக்கின்றனர். அது பழம்பட்டுக்குத் தக்க முறையே. ஆனால் விலை கேட்பாரும், அளந்து கிழிப்பாரும், மடித்துக் கட்டுவாரும் இல்லாத கடை, கடையின் கூடு மட்டுமே. ருய்பூசியாங் கடையாகவே இருத்தல் நன்று.

எனினும் அழகிய கடை எதுவாயினும் அது ஒன்றை மறைத்துவிடுகிறது. சீனப்பட்டு என்னும் பெயரைக் கௌடிலியரின் பொருள்நூலே குறிப்பிடுகிறது. துணியின் புகழ் அத்துணைத் தொலைவு சென்றது. அதனை ஆக்கிய கைகளைப் பற்றிய செய்தி அவ்வளவு தூரம் செல்லவில்லை. புழு கூடு கட்டும் வரையில் இரவும் பகலும் முசுக்கட்டை இலையை நறுக்கி இட்டவர் சிற்றூர்ப் பெண்டிர். கூட்டை வெந்நீரில் இட்டுப் பசை இளகச் செய்து, நுனி இழையைக் கண்டு, பல கூடுகளின் இழைகளை ஒன்றாகச் சேர்த்து இழுத்தவரும் அவர்களே. ஷாங்காய் நகரில் நூற்பாலைகள் பெருகியபோது சிறுமியரும் அவ்வேலையில் அமர்த்தப்பட்டனர். நாளெல்லாம் கொதிநீரில் தோய்ந்த அவர்கள் விரல்கள் வெந்து புண்ணாயின. மாடியில் தேநீரோடு அமர்ந்து பட்டைத் தடவிப் பார்த்த செல்வர்க்கு இதனை எடுத்துச் சொல்வார் யார்?

காட்சிச்சாலையின் தேவை இங்கேதான் புலப்படுகிறது. ஹாங்சோ நகரில் 1992-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற சீனப் பட்டுக் காட்சிச்சாலையில் முசுக்கட்டை முதல் தறி வரை அனைத்தையும் காணலாம். செங்டு நகரில் ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கல்லறை ஒன்றில் கிடைத்த சிறு தறி வடிவங்களை ஆராய்ந்து, அவற்றை முழு அளவில் செய்து நெய்தும் காட்டியுள்ளனர். ஆனால் ஹாங்சோவோ பெய்ஜிங்கிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பட்டு வாங்க வந்தவர் அதற்கெனப் பயணம் புறப்பட மாட்டார். பழங்கடைகளைக் காக்க முற்படுவோர் எந்நாட்டினராயினும், முகப்பின் சிற்பத்தைத் துடைத்து வைப்பதோடு அமையாது, கடைக்குள்ளேயே ஒரு மூலையை அக்கைகளுக்கென ஒதுக்குவது கடன். மாடிப்படியின் அடியில் வெந்நீர்க் கலம் ஒன்று, ஒரு பிடி பட்டுக்கூடு, இழை இழுக்கும் இராட்டை ஒன்று: இவற்றை வைப்பதற்கு எத்துணை இடம் வேண்டும்?