ஃபித்யா அபராதம் அன்று

ரமலான் பிறந்ததும் கைபேசிகளில் ஓர் அட்டவணை வலம்வரத் தொடங்குகிறது: ஒரு நோன்பு விட்டால் இத்தனை ரூபாய், முப்பதும் விட்டால் இத்தனை. யாருக்கு, எந்நிலையில் என்ற விளக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. போக்குவரத்து அபராதச் சீட்டை ஒத்த அதன் தலைப்பு 'நோன்பின் பரிகாரம்'. பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மார்க்கச் சட்டம் இரு சொற்களைக் கவனமாகப் பிரித்து ஆள்கிறது. ரமலான் பகலில் நோன்பை வேண்டுமென்றே உடலுறவால் முறித்தவர்மீது விழுவது கஃப்பாரா: அடிமையை விடுவித்தல், இயலாதெனில் தொடர்ந்து 60 நாள் நோன்பு, அதுவும் இயலாதெனில் 60 ஏழைகளுக்கு உணவு. அது குற்றத்துக்கானது. ஃபித்யா அப்படியன்று. இப்ராஹீம் நபியின் மகனுக்கு ஈடாகப் பலிப்பிராணி அளிக்கப்பட்டதை (37:107) குர்ஆன் இதே வேரிலிருந்து பிறந்த வினையால்தான் சொல்கிறது. அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன?

தமிழில் இரண்டையும் 'பரிகாரம்' என்ற ஒரே சொல்லில் அடைத்தாயிற்று. வடமொழியில் அதற்கு 'நீக்கம்' என்றுதானே பொருள் என்று அகராதியைப் புரட்டுவோர் உண்டு. புரட்டட்டும், தமிழ்க் காதில் பரிகாரம் என்றவுடன் தோஷமும் சேர்ந்தே ஒலிக்கிறது. 'ஈடு' என்ற நல்ல சொல் இருக்க, இந்தச் சுமை எதற்கு?

இதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி. இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர், மருத்துவர் தடுத்தும் நோன்பு நோற்கிறார். பரிகாரம் கொடுப்பது குற்றவாளிக் கூண்டில் நிற்பதாக அவருக்குப் படுகிறது. மறுபுறம், காய்ச்சலால் இரு நோன்பை விட்ட இளைஞர் பணம் அனுப்பிக் கணக்கை முடிக்கிறார். அவரிடம் 2:184 கேட்பது பணத்தை அன்று, பிறிதொரு நாளின் நோன்பை. ஃபித்யா முதுமையால் இயலாதவருக்கும் குணமடையும் நம்பிக்கை அற்றவருக்கும் உரியது. அவ்வசனம் மாற்றப்படவில்லை, முதியோரைக் குறித்தே பேசுகிறது என்பது இப்னு அப்பாஸின் விளக்கம். அடுத்த வசனம் அதை மாற்றிவிட்டது என்றார் ஸலமா இப்னு அல்அக்வஃ. இருவருமே அதில் குற்றத்தைக் காணவில்லை.

இந்தியா முழுமைக்கும் ஒரே தொகை என்பது இன்னொரு கூத்து. வடக்கில் பெரும்பான்மையான ஹனஃபிகளுக்கு ஒரு நோன்புக்கு அரை ஸாஉ கோதுமை, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதன் விலையையும் கொடுக்கலாம். கேரளம், கொங்கணம், பட்கல், தமிழகக் கடற்கரை ஊர்களின் ஷாஃபிகளுக்கு ஒரு முத்து அளவு. அதுவும் அவ்வூரின் முதன்மைத் தானியம், அதாவது அரிசி. தானியத்துக்குப் பதில் பணம் என்பதை அம்மத்ஹபின் நூல்கள் ஏற்பதில்லை. தில்லியின் கோதுமை விலை கோழிக்கோட்டில் எதை அளக்கும்? குழந்தையின் நலனுக்கு அஞ்சி நோன்பை விட்ட தாய், ஹனஃபி எனில் பின்னர் நோற்றால் போதும். ஷாஃபி எனில் நோற்பதோடு ஃபித்யாவும் உண்டு. அட்டவணையில் இவளுக்கு இடமே இல்லை.

பீடி சுற்றிப் பிழைத்து, இன்று டயாலிசிஸில் கிடக்கும் மூதாட்டிக்கும் இல்லை. எவர்மீதும் சக்திக்கு மீறிய சுமை இல்லை என்கிறது 2:286. ஆனாலும் அட்டவணையைப் படித்த உறவினர் அவளுக்காக முப்பது நாள் தொகையைக் கடன் வாங்கிக் கட்டுகின்றனர். அவளோ, அந்த உணவைப் பெறவேண்டிய மிஸ்கீன்களில் ஒருத்தி.