கம்பி பழகுமா?

புதிதாய் வாங்கிய ஒலிபெருக்கிக் கம்பியை நூறு மணி நேரம், சிலர் கணக்கில் இருநூறு மணி நேரம், பாடவிட்டால்தான் அதன் ‘உண்மையான’ ஒலி வெளிப்படுமாம். பெங்களூரின் இசைக்கருவி ஆர்வலர் வட்டங்களில் ‘பர்ன்-இன்’ என்னும் இந்நம்பிக்கை ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகவே புழங்குகிறது. இதை நான் முற்றாக மறுக்கிறேன்.

ஒலிபெருக்கி பழகும், அதில் எனக்கு வழக்கில்லை. அதன் கூம்பைத் தாங்கும் துணியும் ஓர விளிம்பும் அசைந்து அசைந்து சற்றே தளர்கின்றன. அதிர்வெண் இறங்குவதை அளந்து காட்டலாம். மிருதங்கத்தின் கருஞ்சாந்து தோலின் அதிர்வை எவ்வாறு இசைவுறச் செய்கிறது என்பதை ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கியதும் அளவீட்டின் துணையோடுதான். கம்பியில் அசையும் உறுப்பு எது? செம்பின் படிக அமைப்பை மாற்ற நூற்றுக்கணக்கான பாகை வெப்பம் வேண்டும். நாம் கேட்கும் கீர்த்தனைகளுக்கு அவ்வளவு சூடு கிடையாது.

கணக்கையும் பார்ப்போம். 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள மூன்று மீட்டர் இணைக்கம்பியின் மின்தடை, போக வர, ஏறத்தாழ 0.04 ஓம். ஒலிபெருக்கியின் தடையோ 8 ஓம். வெப்பநிலை 10 பாகை மாறினால் செம்பின் தடை ஏறக்குறைய 4 விழுக்காடு மாறும். மார்ச் மாதப் பெங்களூரில் பகலுக்கும் விடியலுக்கும் இடையே அவ்வளவு வேறுபாடு வெகு இயல்பு. அம்மாற்றத்தை எந்தக் ‘கூர்ஞ்செவி’யும் முறையிட்டதாகத் தெரியவில்லை. மேலும், பழகிய கம்பி ஒருமுறையேனும் மோசமாக ஒலித்ததுண்டா? எப்போதும் நன்மையே விளைவிக்கும் மாற்றத்தை இயற்பியலில் தேடுவது வீண்.

ஒலியியல் பயின்றவர் எவரும் செவியைத் தனிச் சாட்சியாக ஏற்கமாட்டார். மெக்கர்க்கும் மெக்டொனால்டும் 1976இல் காட்டியது நினைவிருக்கலாம்: காதில் விழுவது இதழொலி, கண் காண்பது கடைநா ஒலிக்கான வாயசைவு, கேட்பவரோ நுனிநா ஒலியொன்றைக் கேட்டதாகச் சாதிப்பார். அவர் பொய் சொல்லவில்லை. கம்பிக்காரரும் பொய் சொல்லவில்லை. விலைச்சீட்டைக் கண்டபின் கேட்கிறார், அவ்வளவே. இரண்டு வாரத்துக்கு முன் கேட்ட ஒலியின் நுண்மையை இன்றைய ஒலியோடு ஒப்பிடும் நினைவாற்றல் மனிதருக்கு இல்லை என்பது வேறு.

என் சினம் இதிலன்று. வேறுபாடு கேட்கவில்லை என்று சொல்லும் இளையவரிடம் “உன் செவி பண்படவில்லை” என்று கூறி வாயடைக்கிறார்களே, அதில்தான். இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகை 37,000 ரூபாய். அதை விஞ்சும் விலைக்குக் கம்பிகள் விற்கின்றன. பழகும் காலம் முடிவதற்குள் பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிந்துவிடாதா என்பதையும் வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுப்போர்க்கு ஓர் எளிய சோதனை. ஒரே வகைக் கம்பி இரண்டு. ஒன்று இருநூறு மணி நேரம் ஓடியது, மற்றது உறை பிரிக்காதது. எது இணைந்துள்ளது என்பது கேட்பவருக்கும் தெரியக்கூடாது, அருகிருந்து குறிப்பவருக்கும் தெரியக்கூடாது. 16 முறையில் 12 முறை சரியாகச் சொல்லுங்கள். வெறும் ஊகத்தால் அது வாய்க்கும் நிகழ்தகவு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. யாரேனும் வென்றால், முடிவை இப்பதிவின் தலைப்பிலேயே எழுதுகிறேன்.